வானொலிக்குப் பாட்டு அனுப்புவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குடியாத்தத்திலும் ஆற்காட்டிலும் வீட்டு அறையிலேயே பாட்டைப் பதிவு செய்துவிடும் இளைஞர்கள் இன்று இருக்கிறார்கள். ஆனால் அவர்களுடைய நல்ல பாடல்கள்கூட, அனுப்பும் முறையில் நேரும் பிழையால் வானொலியில் ஏறாமல் போவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

எல்லா நிலையங்களும் ஒன்றுபோலவே பாட்டைத் தேர்கின்றன என்று எண்ணுவதுதான் பெரிய தவறு. பல ஊர்களில் ஒலிபரப்பும் தனியார் பண்பலைகளில், எந்தப் பாட்டு ஒரு நாளில் எத்தனை முறை வர வேண்டும் என்பதைப் பெரும்பாலும் தலைமையிடத்து இசைப் பிரிவே முடிவு செய்கிறது. எனவே வேலூரில் நிகழ்ச்சி நடத்தும் தொகுப்பாளரின் கையில் பென்டிரைவைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தால், அவருக்குச் சங்கடமும் உங்களுக்கு ஏமாற்றமுமே மிஞ்சும். ஆகாசவாணியிலோ குரல் தேர்வு வைத்து, கலைஞர்களை 'பி', 'பி ஹை', 'ஏ', 'டாப்' எனத் தரம் பிரிக்கிறார்கள். அங்கே பாட்டுக்கு முன்பாகப் பாடுபவரே தேர்வாக வேண்டும். ஒரு சிறு வட்டாரத்து மக்களுக்காக இயங்கும் சமுதாய வானொலியின் நிகழ்ச்சிகளில் பாதியேனும் உள்ளூர் மக்களின் பங்கேற்போடு உருவாக வேண்டும் என்பது விதி. இலவம்பாடி முள்ளுக்கத்திரிக்காயைப் பற்றி நம் பேச்சு வழக்கில் பாடியவர் முதலில் அணுக வேண்டிய இடம் அதுதான்.

அடுத்தது முன்னிசை. ஒன்றரை நிமிடம் புல்லாங்குழல் மட்டுமே ஒலித்தால், பேருந்திலோ அடுப்படியிலோ கேட்பவர் வேறு அலைவரிசைக்குப் போய்விடுவார் என்று நிலையத்தார் அஞ்சுகிறார்கள். முழு வடிவத்தை உங்களிடம் வைத்துக்கொண்டு, பல்லவி விரைவில் வரும் சுருக்க வடிவத்தை வானொலிக்கென்று தனியே அமையுங்கள்.

வாட்ஸ்அப்பில் கைமாறி வந்த எம்பி3 கோப்பு, 'ஃபைனல் நியூ 2' என்ற பெயரோடு, பாடியவர் யார், எழுதியவர் யார், எந்த எண்ணில் அழைப்பது என்ற எந்த விவரமும் இல்லாமல் வந்து சேர்வதை நான் கண்டிருக்கிறேன். பாட்டு பிடித்திருந்தாலும் அதை யாருடையது என்று அறிவிப்பது? ஒலித்தரம் குறையாத வேவ் (WAV) கோப்பாக அனுப்பி, பாடலின் பெயரையும் பாடியவர் பெயரையும் கோப்பின் பெயரிலேயே எழுதுங்கள்.

உரிமை விஷயத்தில் நம் பக்கத்தில் ஒரு பழக்கம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. ஆடி மாதத்துக்கு அம்மன் பாட்டு எழுதுபவர்கள் திரைப்பட மெட்டில் சொற்களை மட்டும் மாற்றிப் போடுகிறார்கள். கோயில் ஒலிபெருக்கியில் யாரும் கேள்வி கேட்பதில்லை என்பதால், வானொலியும் ஏற்கும் என்று நம்புகிறார்கள். மெட்டு பிறருக்குச் சொந்தமானால் அனுமதியின்றி எந்த நிலையமும் துணியாது. சொந்த மெட்டாகவே இருந்தாலும், எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர் ஆகியோரின் கையெழுத்திட்ட சம்மதக் கடிதத்தை இணைத்து, ஆடி பிறப்பதற்கு ஒரு மாதம் முன்பாகவே அனுப்பிவிடுங்கள்.