கொல்லை சின்னதாக இருந்தால் எந்த ஹீட் பம்ப்?

எனக்குச் சொந்த ஊர் திருச்செங்கோடு. ரிக் வண்டிக்குப் பேர்போன ஊர். சித்தப்பா டிரில்லராக ஊர் ஊராகப் போய் போர்வெல் போட்டவர். அதனால் லண்டன் வால்தம்ஸ்டோவில் இருக்கும் எங்கள் வீட்டில் வீட்டைச் சூடாக்கும் கேஸ் பாய்லரை எடுத்துவிட்டு ஹீட் பம்ப் (வெளியே இருக்கும் வெப்பத்தை மின்சாரத்தால் உள்ளே இழுத்துத் தரும் கருவி) வைக்கலாம் என்று முடிவானதுமே, நிலத்தில் துளை போட்டு வெப்பம் எடுப்பதுதான் என் மனதில் நின்றது. இங்கே ஆழத்தில் மண் எந்தக் குளிரிலும் 10, 12 டிகிரியில் இருக்கும். உறையும் காற்றிலிருந்து வெப்பத்தை இழுப்பதைவிட அதிலிருந்து இழுப்பதற்கு மின்சாரம் குறைவாகவே செலவாகும்.

ஆனால் எங்களுடையது நூறு வருடத்துக்கு மேல் பழைய வரிசை வீடு. இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர். பின்னால் பதினைந்தடி அகலம், இருபத்தைந்தடி நீளத்தில் ஒரு கொல்லை. மண்ணுக்கடியில் படுக்கை வாக்கில் குழாய் பதிக்க நூற்றுக்கணக்கான சதுர மீட்டர் வேண்டும். அந்த வழி அங்கேயே அடைபட்டது. செங்குத்துத் துளை என்றால் ஒரு மீட்டருக்குச் சுமார் 40, 50 வாட் கிடைக்கும். எங்கள் வீட்டுத் தேவைக்கு 100 மீட்டர் அளவுக்குத் துளைக்க வேண்டும். ரிக் கொல்லைக்கு வர வழி வீட்டுக்கூடம்தான். போதாததற்கு இந்தப் பகுதியில் தரைக்கடியில் விக்டோரியா லைன் ரயில் சுரங்கம் ஓடுகிறது, அதையும் விசாரிக்க வேண்டும். உங்கள் வீட்டுக்குப் பக்கவாட்டில் வண்டி நுழையும் பாதையோ, முன்புறம் திறந்த இடமோ இருந்தால் மட்டும் துளைக்கு ஒரு மதிப்பீடு வாங்கிப் பாருங்கள். கார்ன்வாலில் ஸ்டிதியன்ஸ் என்ற கிராமத்தில் தெருவிலேயே துளை போட்டு வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுத்தார்கள். அப்படி ஒன்று உங்கள் தெருவுக்கு வந்தால் தயங்காமல் சேருங்கள். மற்றவர்களுக்குக் காற்றிலிருந்து வெப்பம் எடுக்கும் வகைதான். அதைக் குறையாக நினைக்க வேண்டாம்.

இனி எந்தக் கம்பெனி என்று தேடாதீர்கள். வீடு எவ்வளவு வெப்பத்தை இழக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. எங்களிடம் வந்த முதல் ஆள் கூடத்தில் நின்றபடியே "10 கிலோவாட்" என்றார். டேப்பைக் கையில் எடுக்கவே இல்லை. இரண்டாவதாக வந்த பெண் அறை அறையாகச் சுவர், ஜன்னல், பரண் என்று மூன்று மணி நேரம் அளந்தார். வெளியே மைனஸ் 2 டிகிரி இருக்கும்போது 6.1 கிலோவாட் தேவை என்று கணக்கு வந்தது. நீங்களே சரிபார்க்க ஒரு தோராய வழி உண்டு. கேஸிலேயே வெந்நீரும் கணப்பும் ஓடும் வீடு என்றால், வருடக் கேஸ் யூனிட்டை (பில்லில் kWh என்று இருப்பதை) 2900-ஆல் வகுத்துப் பாருங்கள். நாங்கள் 17,000 யூனிட் எரித்தோம், 5.9 வந்தது. அந்தப் பெண்ணின் கணக்கோடு ஏறக்குறைய ஒத்துப்போனதால் நம்பிக்கை வந்தது, 7 கிலோவாட் கருவி எடுத்தோம். தேவைக்கு மேல் பெரியதை வாங்கினால் இளங்குளிர் நாட்களில் அது நின்று நின்று ஓடி மின்சாரத்தை வீணாக்கும். சின்னக் கொல்லையில் இடத்தையும் அடைக்கும்.

அடுத்தது ரேடியேட்டர், அதாவது வெந்நீர் ஓடி அறையைச் சூடாக்கும் சுவர்த் தகடு. இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். கேஸ் பாய்லர் 70 டிகிரியில் நீரை அனுப்பும். ஹீட் பம்ப் 45 டிகிரியில் ஓடினால்தான் சிக்கனம். ஆயிரம் வாட் என்று பட்டியலில் போட்டிருக்கும் ரேடியேட்டரில் 45 டிகிரி நீர் ஓடினால் 400 வாட்கூடத் தேறாது. ஆகவே நாங்கள் ஐந்து அறைகளில் ஒற்றைத் தகட்டை எடுத்துவிட்டு இரட்டைத் தகடு மாட்டினோம். அகலம் அதேதான், சுவரிலிருந்து சற்றுத் துருத்திக்கொண்டு நிற்கிறது, அவ்வளவுதான். "ரேடியேட்டரைத் தொட வேண்டாம், நீரை 60-க்கு ஏற்றிக்கொள்ளலாம்" என்று யாராவது சொன்னால் அவரை அனுப்பிவிடுங்கள். இங்கே மின்சாரம் யூனிட்டுக்குக் கேஸைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு விலை. பாய்லரிலும் கேஸில் கொஞ்சம் வீணாவதால், ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்றரை யூனிட் வெப்பமாவது வந்தால்தான் கேஸ் பில்லுக்குச் சமமாக நிற்க முடியும்.

வீட்டுக்குள்ளும் கொஞ்சம் இடம் போகும். காம்பி பாய்லர் (தொட்டி இல்லாமல் அப்போதைக்கப்போது வெந்நீர் தரும் வகை) வைத்திருந்தவர்களுக்கு வெந்நீர் சிலிண்டர் புதிதாக வேண்டும். நாங்கள் 180 லிட்டர் ஒன்றை மாடிப்படிப் பக்கத்து அலமாரியில் வைத்தோம். அரிசி மூட்டையும் பெரிய பாத்திரங்களும் அங்கேதான் இருந்தன. அம்மாவுக்கு அது வருத்தம்தான், ஆனால் வேறு இடமில்லை.

வரிசை வீட்டுக்காரர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பழைய தெருக்களில் இரண்டு வீடுகளுக்கு ஒரே மின்கம்பி பகிர்ந்து வரும். அப்படி இருந்தால் ஹீட் பம்ப் வைக்குமுன் மின்வலைப்பின்னல் நிறுவனம் அதைப் பிரித்துக் கொடுக்க வேண்டும். இது தெரிய வந்தபோது எங்கள் வேலை இரண்டு மாதம் தள்ளிப்போனது. மீட்டர் பெட்டியைப் படமெடுத்து முதல் நாளே அனுப்பிவிடுங்கள்.

பணத்தைப் பொறுத்தவரை, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பாய்லர் மாற்ற மானியம் 2023 அக்டோபரிலிருந்து 7,500 பவுண்டு. எம்சிஎஸ் (MCS) என்ற தரச் சான்று பெற்ற நிறுவனம்தான் விண்ணப்பிக்கும். உங்கள் பில்லில் கழித்துவிடுவார்கள்.

கடைசியாக, வெளிக்கருவியை எங்கே வைப்பது? வேலியிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி வைக்க வேண்டும் என்ற விதியை இங்கிலாந்தில் 2025 மே மாதம் எடுத்துவிட்டார்கள். எங்களைப் போன்றவர்களுக்கு அது பெரிய உதவி. சத்தக் கணக்கு மட்டும் இன்னும் உண்டு. பக்கத்து வீட்டு ஜன்னலில் எவ்வளவு கேட்கும் என்று கணக்கிட்டுக் காட்டியாக வேண்டும். இரண்டு சுவர் சேரும் மூலையில் வைத்தால் சத்தம் எதிரொலித்துக் கூடும். சுவரில் தொங்கவிட்டால் அதிர்வு படுக்கையறைக்குள் வரும். தரையில் ரப்பர் காலில் நிற்பதே நல்லது. விசிறிக்கு எதிரே வேலி நெருங்கினால், தான் ஊதிய குளிர்காற்றையே அது திரும்ப இழுக்கும். உள்ளே எரியக்கூடிய புரோப்பேன் வாயு உள்ள கருவி என்றால், ஜன்னல், கதவு, சாக்கடை மூடி எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும் என்று கையேட்டில் படம் போட்டிருப்பார்கள். எங்கள் கொல்லையில் சாக்கடை மூடி ஒன்று இருந்ததால் நினைத்த இடத்தை மாற்ற வேண்டி வந்தது. ஆகவே அந்தப் பக்கத்தைக் கேட்டு வாங்கி, தரையில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டுப் பாருங்கள்.

அப்புறம், குளிர்காலத்தில் கருவி தன்மேல் படியும் உறைபனியை உருக்கும்போது தண்ணீர் வழியும். அது நடைபாதையில் ஓடினால் இரவில் கண்ணாடிபோல் உறைந்துவிடும். அம்மா காலையில் குப்பை போடப் போகும் வழி அது. அதனால் கருவிக்கு அடியில் ஜல்லி நிரப்பிய குழி ஒன்று வேண்டும் என்று மதிப்பீட்டிலேயே எழுதி வாங்கினேன்.