பிளனேரியாக் கருவளர்ச்சி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தவளை முட்டையையோ கடல் முள்ளெலி முட்டையையோ பார்த்துப் பழகிய கண்ணோடு நன்னீர்த் தட்டைப்புழுவின் கருவைப் பார்க்கும்போதுதான் பெரும்பாலான குழப்பம் தொடங்குகிறது. பிளனேரியா எனப்படும் இந்தப் புழுவில் மஞ்சள்கரு முட்டைக்குள் இல்லை, வெளியே தனிச் செல்களாக இருக்கிறது. ஆய்வகங்களில் அதிகம் வளர்க்கப்படும் ஷ்மிட்டியா மெடிட்டரேனியா என்ற பிளனேரியா இனத்தை வைத்துப் பார்ப்போம்.

முதல் தவறு, புழுவை வாங்கும்போதே நடந்துவிடும். பார்சிலோனாவில் கிடைத்த வகை உடல் துண்டாகித்தான் பெருகும், முட்டையே இடாது. கருவளர்ச்சி வேண்டுமென்றால் சார்டினியா தீவின் பாலினப்பெருக்க வகை வேண்டும். இருபாலுயிரிதானே என்று ஒற்றைப் புழுவைத் தனியாக விடாதீர்கள். அதுவும் சில நேரம் முட்டைக்கூடு இடும், ஆனால் உள்ளே வளரும் கரு இருக்காது.

தட்டில் ஒட்டியிருக்கும் உருண்டையை ‘முட்டை’ என்று எழுதுவதும் பிழை. அது முட்டைக்கூடு. ஒரு கூட்டில் பல கருக்கள், அவற்றைச் சுற்றி ஆயிரக்கணக்கான மஞ்சள்கருச் செல்கள். ஒரு கூட்டிலிருந்து ஒரு குஞ்சு என்று கணக்கிட்டால் பொரிப்பு விகிதம் அடியோடு தப்பாகும்.

வயதைக் கூட்டின் நிறத்தை வைத்து ஊகிக்காதீர்கள். புதிதாக இட்ட கூடு வெளிறியிருக்கும், ஓடு இறுகும்போது கருத்துவிடும். அதன் பிறகு மூன்றாம் நாளும் பத்தாம் நாளும் வெளியே ஒன்றுபோலவே தெரியும். தினமும் ஒரே நேரத்தில் சேகரித்துத் தேதியிட்ட தட்டில், 20 டிகிரி செல்சியஸில் வையுங்கள். குஞ்சு வெளிவர ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். வெப்பநிலை மாறினால் இந்த நாள் கணக்கு செல்லாது. குளோரின் கலந்த குழாய்நீர் வேண்டாம், உப்பில்லாத காய்ச்சி வடித்த நீரும் வேண்டாம்.

அதிகம் பேர் சறுக்குவது நுண்ணோக்கியின் கீழேதான். தொடக்கப் பிளவில் உருவாகும் கருச்செல்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு பந்தாகச் சேர்வதில்லை. ஒன்றிணைந்த மஞ்சள்கருத் திரளுக்குள் சிதறிக் கிடக்கின்றன. மற்ற விலங்குக் கருக்களில் வரும் உள்ளீடற்ற செல்பந்தான பிளாஸ்டுலாவையும், அது மடிந்து அடுக்குகளாகும் காஸ்ட்ருலாவையும் ஒழுங்கான வடிவில் தேடினால் கிடைக்காது. அதனால் கரு செத்துவிட்டது என்று கூட்டைத் தூக்கி எறிபவர்களும் உண்டு. டி.என்.ஏ. சாயம் மட்டும் போட்டாலும் தெளிவு வராது, மஞ்சள்கருச் செல்களுக்கும் உட்கரு இருப்பதால் அவையும் ஒளிரும். கருச்செல்லைப் பிரித்தறிய, அதில் செயல்படும் பிவி-1 என்ற மரபணுவின் ஆர்.என்.ஏ.வைக் காட்டும் சாயமேற்றம் தேவை.

முதல் வாரத்திலேயே ஒரு தொண்டை தோன்றும். அதைப் புழுவின் தொண்டை என்று குறித்துவிடாதீர்கள். அது தற்காலிக உறுப்பு: சுற்றியுள்ள மஞ்சள்கருச் செல்களை விழுங்கத்தான் இருக்கிறது, விழுங்கிய கரு பலூன்போல உப்பும். பிறகு அது சிதைந்து, நிலையான தொண்டை தனியாக உருவாகும்.

கூட்டை அப்படியே பதப்படுத்தும் மருந்தான ஃபார்மால்டிஹைடில் போட்டால், இறுகிய ஓட்டைத் தாண்டி மருந்து சரியாக உள்ளே போகாது. கரு அழுகிக் குழைந்துபோகும். முதலில் மெல்லிய ஊசியால் துளையிடுங்கள். இளம் கூட்டை உடனே கிழித்துத் திறந்தால் மஞ்சள்கருவோடு கருவும் கலைந்து ஓடிவிடும், ஆகவே துளையிட்டு, பதப்படுத்தி, அதன் பிறகே உரியுங்கள்.

இன்னொரு தவறு, பிவி-1 தெரிகிறது என்பதற்காகத் தொடக்கக் கருச்செல்களை நியோபிளாஸ்ட் (வளர்ந்த பிளனேரியாவின் குருத்தணு) என்று அழைப்பது. வளர்ந்த புழுவில் இழந்த உறுப்பை மீட்கும் அந்தச் செல்களின் திறன், கருவில் உறுப்புகள் உருவாகத் தொடங்கும் கட்டத்தை ஒட்டித்தான் வருகிறது.