மலைவாழ் மக்களிடம் மூலிகை ஆய்வு: ஒப்புதல் வாங்குவது எப்படி

பழங்குடிகளின் மூலிகை அறிவை ஆவணப்படுத்தப் போகும் ஆய்வாளர்கள் ஒப்புதல் படிவத்தை ஒழுங்காகத் தயாரித்துவிடுவார்கள். அதில் யார் கையெழுத்திட வேண்டும் என்று யோசிப்பவர்கள் குறைவு.

1987இல் கேரள-தமிழக எல்லையிலுள்ள அகத்தியமலைக் காட்டுக்குள் போன விஞ்ஞானிகள், வழிகாட்டிய காணிக்காரர்கள் (அங்கு வாழும் பழங்குடிகள்) களைப்பு தீர ஒரு காயைத் தின்பதைக் கவனித்தார்கள். அந்தச் செடிதான் ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்து பிறந்த 'ஜீவனி' மருந்தின் உரிமம் 1990களின் நடுவில் 10 லட்ச ரூபாய்க்கும் விற்பனையில் 2 விழுக்காட்டுக்கும் ஒரு நிறுவனத்துக்குப் போனது. அதில் பாதி காணிகளுக்கு என்று முடிவாயிற்று. உலகமே பாராட்டிய ஏற்பாடு. ஆனால் செடியைக் காட்டியவர்கள் இரண்டு மூன்று பேர்தான். மருத்துவம் பார்க்கும் பிலாத்திகளில் பலர், ஊர் அறிவை வெளியாளிடம் கொடுத்தது தவறு என்றார்கள். பணத்தை வாங்கிக்கொள்ள ஓர் அறக்கட்டளை 1997இல்தான் வந்தது, அதுவும் கேரளக் காணிகளுக்கு. காணிகளோ தமிழகத்தில் திருநெல்வேலிப் பாபநாசம் பக்கமும் வாழ்கிறார்கள். பேச வேண்டியவர்களை முதலிலேயே கண்டுபிடிக்காததன் விளைவு இது.

ஆகவே முதல் வேலை, அறிவு யார் யாரிடம் இருக்கிறது என்று தெரிந்துகொள்வது. முதல் சந்திப்புக்கு நோட்டோ ஒலிப்பதிவுக் கருவியோ வேண்டாம். முட்டுக்காணி, மூப்பன் என்று ஊர்த்தலைவர் இருந்தால் அவரைப் பாருங்கள், ஆனால் அவர் தலையசைத்தால் ஊரே சம்மதித்ததாகிவிடாது. ஊராட்சியின் கிராமசபைத் தீர்மானமும் போதாது. பல இடங்களில் அதில் பழங்குடி அல்லாதவர்களே அதிகம். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் பல்லுயிர் சார்ந்த மரபறிவின் மேல் சமூகத்துக்கு உரிமை உண்டு என்கிறது. அந்தச் சட்டப்படி குடியிருப்பு அளவில் கூடும் சபை இருந்தால் அங்கே கேளுங்கள். 2012இல் திருத்திய விதிகளின்படி அந்தச் சபையில் பாதிப் பேராவது வர வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்களாக இருக்க வேண்டும். அப்படி ஒரு சபை இல்லாத ஊரிலும் இதே கணக்கை வைத்துக்கொள்ளலாம். பேறுகால மூலிகைகளைப் பற்றிய ஆய்வு என்றால் பெண்களிடம் தனியே கேளுங்கள். அதற்கு ஆண்கள் சம்மதம் சொல்வதில் பொருளில்லை.

வனத்துறை ஜீப்பில் போய் இறங்காதீர்கள், வனக்காவலரை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். தேன், கிழங்கு, மேய்ச்சல் என்று அவர்களுக்குத் துறையோடு தினமும் தகராறு இருக்கும். காவலர் எதிரே 'முடியாது' என்று சொல்ல வாய் வராது.

தாள்வேலை: காப்புக்காட்டுக்குள் நுழைய வனத்துறை அனுமதி, உங்கள் நிறுவனத்தின் அறநெறிக் குழு ஒப்புதல் இரண்டும் தேவை. வெளிநாட்டுக் கூட்டாளி இருந்தால், 2002ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டப்படி சென்னையில் உள்ள தேசிய பல்லுயிர் ஆணையத்தின் முன் அனுமதியும் வேண்டும். அறநெறிக் குழு முழுக் கேள்விப் பட்டியலைக் கேட்கும். ஊரோடு பேசாமல் அந்தப் பட்டியலை எழுதவும் முடியாது. விண்ணப்பத்தை இரண்டாகப் பிரித்துவிடுங்கள்: முதலில் ஊரோடு பேச மட்டும், பிறகு ஆய்வுக்கு.

ஒப்புதலை அவர்கள் பேச்சுமொழியில் வாய்மொழியாகக் கேளுங்கள். பிறகு யாருக்கு லாபம், எப்போது விலகலாம், எதை அச்சிடுவோம் என்று அவர்களையே திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். சொல்லத் தெரியவில்லை என்றால் விளக்கியது சரியில்லை. அச்சான பிறகு எதையும் திரும்பப் பெற முடியாது என்பதை மறைக்காதீர்கள். ஊர் சம்மதித்தாலும் ஒவ்வொருவரிடமும் தனியே கேட்க வேண்டும். 'பிற ஆய்வுகளுக்கும் பயன்படுத்தலாம்' என்ற வரியை அடித்துவிடுங்கள். அமெரிக்காவின் ஹவாசுபாய் மக்கள் 1990இலிருந்து நீரிழிவு ஆய்வு என்று நம்பி அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு இரத்தம் கொடுத்தார்கள். அது மனநோய், இடப்பெயர்வு ஆய்வுகளுக்கும் போனது. 2010இல் 7 லட்சம் டாலர் இழப்பீடு கொடுத்து, மாதிரிகளையும் திருப்பித் தந்துதான் வழக்கு முடிந்தது.

சொல்லும் ஒவ்வொரு செய்திக்கும் எதிரே, அதைச் சொன்னவரிடமே கேட்டு ஒரு குறி இடுங்கள்: அச்சிடலாம், ஆய்வாளர் மட்டும் வைத்துக்கொள்ளலாம், ஊருக்குள் மட்டும். மாலையில் மொத்தமாகக் கேட்கலாம் என்று விட்டால் எல்லாவற்றுக்கும் 'சரி' என்றே பதில் வரும். செடி இருக்கும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை ஒரு தசம இடத்தோடு நிறுத்தினால் இடம் சுமார் 11 கிலோமீட்டருக்குள் மறையும். நான்கு இடம் கொடுத்தால் வியாபாரி நேராகச் செடிக்கே போய்விடுவான். பலர் மறப்பது, செடியை உலர்த்தித் தாளில் ஒட்டி வைக்கும் உலர்தாவர மாதிரியின் சீட்டு. அது பொது அலமாரிக்குப் போகும். அதில் வட்டத்தின் பெயரும் மாதிரி எண்ணும் மட்டும் போதும். மருத்துவப் பயன் தனிப் பதிவேட்டில் இருக்கட்டும்.

கூலியை நாள் கணக்கில் கொடுங்கள், அரசின் ஊரக வேலைத் திட்டக் கூலிக்குக் குறையாமல். பாதியில் எழுந்து போனாலும் முழுக்கூலி. செடிக்கு இவ்வளவு என்று பேசினால், இல்லாத பெயர்களும் பட்டியலில் ஏறும்.

பெயரை மறைப்பதுதான் எப்போதும் சரி என்று நினைக்க வேண்டாம். தன் பெயர் அச்சில் வர வேண்டும் என்று விரும்பும் வைத்தியர் உண்டு, கேட்டு எழுதுங்கள். கட்டுரையை அனுப்பும் முன் ஊரில் தமிழில் வாசித்துக் காட்டி, ஒரு மாதமாவது அவகாசம் விடுங்கள். நீக்கச் சொன்னதை நீக்கிய பிறகு அந்தப் பகுதியை மறுபடி வாசித்துக் காட்டுங்கள். ஒலிப்பதிவின் பிரதி மெமரி கார்டிலும், செடிகளின் படத்தொகுப்பு பெரிய எழுத்தில் அச்சாகவும் ஊரில் இருக்க வேண்டும். அதை யார் வைத்துக்கொள்வது என்று அவர்களே தீர்மானிக்கட்டும்.