நாய் திடீரென்று சுருண்டு படுத்தால்

தட்டுச் சத்தம் கேட்டாலே ஓடிவரும் எங்கள் மணி, அன்று துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஈரத்தரையில் கிடந்தான், தயிர்சோற்றை மூக்கருகே வைத்தும் தலையைத் தூக்கவில்லை.

பதறத்தான் செய்யும். முதலில் உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் 2 நொடிக்குள் பழையபடி சிவக்க வேண்டும். ஈறு வெளிறியோ நீலம் பாய்ந்தோ இருந்தாலும், வயிறு உப்பி வாந்தி வராமல் ஓங்கரித்தாலும், மூச்சு வாங்கினாலும், வலிப்பு வந்தாலும் விடியட்டும் என்று இருக்காதீர்கள், அந்த ராத்திரியே வண்டி பிடியுங்கள்.

பாராசிட்டமால், ஐபுபுரூஃபன் எதையும் நீங்களாகக் கொடுக்க வேண்டாம், நாய்க்கு அது விஷமாகிவிடும். சோர்ந்து கிடக்கும் நாயின் வாயில் தண்ணீர் ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடலாம், கிண்ணத்தில் வைத்தால் போதும்.

சரி, காய்ச்சலா? மூக்கைத் தொட்டுப் பார்த்துச் சொல்ல முடியாது. டிஜிட்டல் தெர்மாமீட்டர் நுனியில் வாசலின் தடவி ஆசனவாயில் வையுங்கள். 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இயல்பு.

அப்புறம் காது மடிப்பு, விரலிடுக்கு எல்லாம் தடவி உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். மணிக்குக் காதுக்குள் மூன்று இருந்தன, மிளகு மாதிரி. டாக்டரிடம் மறக்காமல் சொன்னதால் உடனே ரத்தப் பரிசோதனை எழுதினார்: ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் (பிளேட்லெட்) குறைந்திருந்தன, உண்ணிக் காய்ச்சல். கடைசியாக எப்போது சாப்பிட்டது, என்ன தின்றது, வாந்தியின் படம், தள்ளாடி நடக்கும் வீடியோ எல்லாம் போனில் இருக்கட்டும், அங்கே போனதும் நமக்கு வாய் குழறும். மணி நான்காம் நாள் எழுந்து நின்றான். மாத்திரை மட்டும் 28 நாள், ஒரு வேளைகூட விடாமல் கொடுத்தோம்.