பொன்ச்கி செய்யும்போது எங்கே சறுக்குகிறோம்?

உள்ளே பூரணம் வைத்துப் பொரிக்கும் போலந்துக்காரர்களின் பொன்ச்கியை வெறும் ‘ஜாம் வைத்த டோனட்’ என்று நினைத்துக்கொண்டு அடுப்பைப் பற்றவைப்பதுதான் முதல் தவறு. மற்ற தவறுகள் பெரும்பாலும் அதிலிருந்துதான் கிளைக்கின்றன.

இது தவக்காலத்துக்கு, அதாவது ஈஸ்டருக்கு முன் கிறிஸ்தவர்கள் நோன்பிருக்கும் நாட்களுக்கு முன்பு சாப்பிடும் பண்டம். அந்தக் காலத்து நோன்பு கடுமையானது. இறைச்சி மட்டுமல்ல, முட்டை, பால், வெண்ணெய்க்கும் தடை. அதனால் வீட்டில் இருக்கும் கொழுப்பையும் முட்டையையும் சர்க்கரையையும் முன்கூட்டியே தீர்த்துவிடுவார்கள். மாவின் கணக்கே அதைச் சொல்லிவிடும்: அரை கிலோ மைதாவுக்கு ஐந்தாறு மஞ்சள் கரு, உருக்கிய வெண்ணெய், பால், ஈஸ்ட். பொரிப்பது பன்றிக் கொழுப்பில். ‘கொஞ்சம் ஹெல்தியாக’ என்று மஞ்சள் கருவைக் குறைத்து முழு முட்டை போட்டால் வறண்ட பன்தான் கிடைக்கும். டயட் பார்ப்பவர் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளலாம், மாவில் கை வைக்க வேண்டாம்.

பிசையும்போது மாவு கையில் ஒட்டும். ஒட்டட்டும். பயந்துபோய் மேலும் மேலும் மைதா தூவுகிறவர்கள்தான் அதிகம். கல் மாதிரி ஆவது அதனால்தான். பத்துப் பதினைந்து நிமிடம் பொறுமையாகப் பிசைந்தால் மாவு தானாகவே மினுமினுப்பாகி, பாத்திரத்தை விட்டு விலகி வரும்.

செய்முறையில் ஒரு கரண்டி ‘ஸ்பிரிட்டுஸ்’ என்று இருக்கும். இது 95 சதவீத ஆல்கஹால். வாசனைக்காக என்று நினைத்துப் பலர் விட்டுவிடுகிறார்கள். மாவு எண்ணெய் குடிக்காமல் இருக்கத்தான் இதைச் சேர்ப்பதாகப் போலந்துப் பாட்டிகள் சொல்வார்கள். ரம் சேர்க்கலாம், மது வேண்டாதவர்கள் ஒரு கரண்டி வினிகர் சேர்த்தாலும் சரிதான்.

அடுத்தது வாணலி. எண்ணெய் 175 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்க வேண்டும். அதைத் தாண்டிப் போனால் மேலே கறுத்து உள்ளே பச்சை மாவு. குறைந்தால் எண்ணெய்ப் பஞ்சு. பன்றிக் கொழுப்பு வேண்டாம் என்றால் சூரியகாந்தி எண்ணெய் போதும், அங்கேயும் பலர் இன்று அப்படித்தான் பொரிக்கிறார்கள். நல்லெண்ணெயும் தேங்காய் எண்ணெயும் வேண்டாம், உள்ளே வைக்கும் ரோஜாப் பூரணத்தின் மணம் அடிபட்டுப் போகும். நன்றாகப் பொங்கிய பொன்செக் (பொன்ச்கியின் ஒருமை) எண்ணெயில் பாதி மூழ்கி, பாதி மிதக்கும். ஒரு பக்கம் சிவந்ததும் திருப்பிவிடுவார்கள். இரண்டு பக்கமும் பழுப்பாக, நடு இடுப்பில் மட்டும் வெளிறிய பட்டை ஓடும். கடையில் வாங்குகிறவர்கள் முதலில் பார்ப்பது அந்தப் பட்டையைத்தான். அது இல்லையென்றால் மாவு சரியாகப் பொங்கவில்லை என்று பொருள்.

பூரணத்தில் நடக்கும் தவறைத்தான் என்னால் மன்னிக்க முடிவதில்லை. ஸ்ட்ராபெர்ரி ஜாமும் சாக்லேட் கிரீமும் இன்று அங்கேயும் கிடைக்கின்றன. ஆனால் பழைய ருசி ரோஜாதான். ரோஜா இதழ்களைச் சர்க்கரையும் எலுமிச்சைச் சாறும் சேர்த்து அரைத்தெடுப்பார்கள். நம் குல்கந்துக்கு ஒன்றுவிட்ட உறவு என்று வைத்துக்கொள்ளலாம். இன்னொன்று, பிளம் பழத்தை மணிக்கணக்காகக் கிளறிச் சுண்டவைத்த ‘பொவித்வா’. இரண்டுமே கெட்டியானவை, ஒழுகாதவை. வார்சாவில் நோவி ஷ்வியாத் தெருவில் 1869-இல் தொடங்கிய பிளிக்லே கடையின் பெயரே ரோஜா வைத்து, மேலே ஆரஞ்சுத் தோல் தூவிய பொன்ச்கியால்தான் நிற்கிறது. மலிவு விலையில் விற்கும் ‘ரோஜா சுவை’ பூரணத்தில் பெரும்பாலும் ஆப்பிள் கூழும் வாசனையும்தான் இருக்கும், லேபிளைப் படித்துவிடுங்கள்.

நாளிலும் குழப்பம் உண்டு. போலந்தில் பொன்ச்கி நாள் ‘கொழுப்பு வியாழன்’, அதாவது தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனுக்கு ஆறு நாள் முன்பு வரும் வியாழக்கிழமை. 2026-இல் அது பிப்ரவரி 12. அன்று ஒன்றாவது சாப்பிடாவிட்டால் ஆண்டு முழுவதும் அதிர்ஷ்டம் இல்லை என்பது நம்பிக்கை. காலையிலேயே கடை வாசலில் வரிசை கட்டிவிடும். அமெரிக்காவில் டெட்ராய்ட்டை ஒட்டிய ஹாம்ட்ராம்க் பக்கம் குடியேறிய போலந்துக்காரர்கள் இதைத் திருநீற்றுப் புதனுக்கு முந்தைய செவ்வாய்க்கு மாற்றிவிட்டார்கள். அமெரிக்கச் செய்முறையைப் படித்துவிட்டு வார்சாவில் செவ்வாயன்று தேடிப் போனால் கொண்டாட்டம் முடிந்து நாலைந்து நாள் ஆகியிருக்கும்.

அப்புறம், இது ஆதிகாலம் தொட்டு மாறாத பண்டம் என்று எழுதாதீர்கள். பழைய பொன்ச்கி ரொட்டி மாவில் பன்றிக் கொழுப்பு வைத்துப் பொரித்தது, இனிப்பே கிடையாது. 18-ஆம் நூற்றாண்டில் யெஞ்ஜெய் கிதோவிச் என்ற பாதிரியார், பழைய பொன்ச்கியை எறிந்தால் கண் கன்றிப்போகும், இப்போதைய பொன்ச்கியையோ காற்றே தட்டிலிருந்து ஊதித் தள்ளிவிடும் என்று கிண்டலாகக் குறித்து வைத்திருக்கிறார். இன்று நாம் சாப்பிடுவது அந்த இரண்டாவது வகை.

சுட்ட அன்றே தின்றுவிட வேண்டும். மிஞ்சியதை ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள், மாவு விறைத்துவிடும். மூடி வைத்து மறுநாள் லேசாகச் சூடாக்கலாம். ஆனால் மேலே பூசிய சர்க்கரைப் பாகு உருகி வழிந்துவிடும். அதனால் மீதியை வைக்கப் போகிறவர்கள் பாகு பூசாமல் வைத்து, சூடாக்கிய பிறகு பொடித்த சர்க்கரை தூவிக்கொள்ளலாம்.