சுவிஸில் பிள்ளை வளர்ப்பு: பெற்றோரிடம் பாடசாலை எதிர்பார்ப்பவை

சுவிற்சர்லாந்துக்குப் புதிதாக வந்து சேரும் தமிழ்ப் பெற்றோரில் பலர், பிள்ளையின் எதிர்காலம் 18, 19 வயதில் எழுதும் ஒரு பரீட்சையிலேயே முடிவாகும் என்ற எண்ணத்துடன் வருகிறார்கள். க.பொ.த. உயர்தரத்தைச் சுற்றி முழு வீடும் இயங்கிய ஊரிலிருந்து வருபவர்களுக்கு அது இயல்பான எண்ணமே. ஆனால் இந்த நாட்டில் முக்கியமான முடிவுகள் 12 வயதுக்கும் 15 வயதுக்கும் இடையில், ஆசிரியரும் பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து பேசி எடுக்கப்படுகின்றன. அப்பேச்சில் பெற்றோர் வாயில்லாதவர்களாக இருந்துவிடக் கூடாது என்பதற்காகவே இக்குறிப்புகள். கல்வி 26 மாநிலங்களின் பொறுப்பில் இருப்பதால் விவரங்கள் இடத்துக்கு இடம் மாறும். இங்கே சொல்லப்படுபவை பெரும்பாலும் ஜேர்மன் மொழிப் பகுதிக்கும், அதிலும் சூரிச் மாநிலத்துக்கும் பொருந்துபவை.

குழந்தை ஐந்து வயதை எட்டும் வரை, பெற்றோருக்கான ஆலோசனை நிலையங்களில் எடை, உணவு, உறக்கம், பேச்சு வளர்ச்சி ஆகியவை குறித்து இலவசமாக ஆலோசனை பெறலாம். ஜூலை 31ஆம் திகதிக்குள் நான்கு வயது நிறைவடைந்த பிள்ளை, பெரும்பாலான மாநிலங்களில், அந்த ஆகஸ்ட் மாதத்திலேயே கிண்டர்கார்ட்டன் செல்லத் தொடங்க வேண்டும். இரண்டு ஆண்டுகள் கொண்ட இக்கல்வி அங்கே கட்டாயமானது. அதற்கு முன்னரே பிள்ளையை ஷ்பீல்குருப்பே எனப்படும் விளையாட்டுக் குழுவொன்றில் சேர்ப்பது, கட்டணம் இருந்தாலும், நல்லது. பாஸல் நகர மாநிலம் 2013 முதல், ஜேர்மன் மொழி போதிய அளவு தெரியாத பிள்ளைகள் கிண்டர்கார்ட்டனுக்கு முந்திய ஆண்டில் இத்தகைய குழுவுக்கோ பராமரிப்பு நிலையத்துக்கோ செல்வதைக் கட்டாயமாக்கியிருக்கிறது.

கிண்டர்கார்ட்டனில் எழுத்தும் எண்ணும் எங்கே என்று தேடும் பெற்றோர் ஏமாற்றமடைவார்கள். சப்பாத்தைத் தானே கழற்றி வகுப்பறைச் செருப்பை மாட்டுவதும், குளிர் உடுப்பைத் தானே அணிவதும், கத்தரிக்கோல் பிடிப்பதும், தன் முறை வரும் வரை காத்திருப்பதுமே அங்கே கவனிக்கப்படுகின்றன. ஐந்து வயதுப் பிள்ளைக்கும் சோறு ஊட்டிவிடும் நம் வழக்கத்தில் அன்பு இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும், தானாக எதையும் செய்யப் பழகாத பிள்ளையை ஆசிரியர் வளர்ச்சியில் பின்தங்கியதாகப் பார்க்கக்கூடும் என்பதையும் அறிந்திருக்க வேண்டும். காலை இடைவேளைக்குக் கொடுத்தனுப்பும் சிற்றுண்டிக்கு ஸ்னூனி என்று பெயர். பழம், கரட், பாண் போன்றவையே எதிர்பார்க்கப்படுகின்றன, சொக்லேட்டையும் இனிப்புப் பானத்தையும் ஆசிரியர்கள் விரும்புவதில்லை.

பாடசாலைக்குப் பிள்ளை நடந்தே செல்ல வேண்டும், காலப்போக்கில் துணையின்றியே செல்ல வேண்டும் என்பது புதியவர்களை மிகவும் கலங்கச் செய்யும் எதிர்பார்ப்பு. இதற்காகவே சிறுவர்களுக்கு ஒளியைத் திருப்பி எறியும் முக்கோணப் பட்டி அணிவிக்கப்படுகிறது. பொலிஸார் கிண்டர்கார்ட்டனுக்கு நேரில் வந்து, நில், பார், கேள், நட என்று வீதி கடக்கும் முறையைப் பழக்குகிறார்கள். பிள்ளையுடன் சில வாரங்கள் கூடவே நடந்து, ஆபத்தான கடவைகளைக் காட்டிக் கொடுத்து, பின்னர் படிப்படியாக விலகுவதே பெற்றோரின் வேலை. தினமும் காரில் கொண்டுவந்து இறக்குவதைப் பாடசாலைகள் வெளிப்படையாகவே விரும்புவதில்லை.

பிள்ளை பாடசாலைக்கு வராமலிருப்பது குறித்த விதிகள் கடுமையானவை. விமானச் சீட்டு மலிவு என்பதற்காகவோ நல்லூர்த் திருவிழாவுக்காகவோ விடுமுறைக்கு ஒரு வாரம் முன்னதாகப் பிள்ளையை அழைத்துச் சென்றால் தண்டப்பணம் விதிக்கப்படலாம். காரணம் கூறாமல் எடுக்கக்கூடிய நாட்கள் சூரிச்சில் ஆண்டுக்கு 2. பேர்ண் மாநிலத்தில் 5 அரைநாட்கள். நீச்சல் வகுப்பும் பாடத்திட்டத்தின் பகுதியே. பாஸலைச் சேர்ந்த பெற்றோர் இருவர் தம் மகள்மாரை ஆண்களும் பெண்களும் சேர்ந்த நீச்சல் வகுப்புக்கு அனுப்ப மறுத்து மொத்தம் 1,400 பிராங்க் தண்டம் கட்ட நேர்ந்த வழக்கில், ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் 2017 ஜனவரியில் சுவிஸ் அரசின் பக்கமே தீர்ப்பளித்தது. பனிச்சறுக்கு முகாம், வகுப்பு முகாம் ஆகியவற்றுக்குச் செலவைக் காரணம் காட்டிப் பிள்ளையை நிறுத்த வேண்டியதில்லை: கட்டாயமான முகாம்களுக்கு உணவுச் செலவை மட்டுமே, வயதுக்கேற்ப நாளொன்றுக்கு 10 முதல் 16 பிராங்க் வரை, பெற்றோரிடம் அறவிடலாம் என்று கூட்டாட்சி நீதிமன்றம் 2017 டிசம்பரில் கூறியிருக்கிறது. பெண் பிள்ளையை இரவு தங்க அனுப்பத் தயங்கும் தாய்தந்தையர், யார் பொறுப்பில், எங்கே, எத்தகைய அறைகளில் தங்குகிறார்கள் என்று ஆசிரியரிடம் தாராளமாகக் கேட்கலாம். தெளிவான விடை கிடைக்கும்.

ஆண்டுக்கு ஒரு முறையேனும் வகுப்பாசிரியர் பெற்றோரைத் தனியாக அழைத்துப் பேசுவார், பெரும்பாலும் பிள்ளையும் உடனிருக்கும். உணவக அடுக்களையிலும் துப்புரவுப் பணியிலும் முதியோர் இல்லத்திலும் மாறிமாறி வேலை செய்யும் பெற்றோருக்கு நேரம் ஒத்துவராவிட்டால் வேறு நேரம் கேட்க வேண்டுமே தவிர, செல்லாமல் இருந்துவிடக் கூடாது. வராத பெற்றோரை அக்கறையற்ற பெற்றோராகவே பாடசாலை எண்ணும். மொழி தெரியாதவர்கள் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கேட்கலாம். பெரும்பாலும் செலவைப் பாடசாலையே ஏற்கும். மொழிபெயர்க்கும் பொறுப்பைப் பிள்ளையிடமே விடுவது பல வீடுகளில் நடக்கிறது. தன்னைப் பற்றிய குறையைத் தானே சொல்ல வேண்டிய பிள்ளை அதைச் சுருக்கித்தான் சொல்லும், நீங்களும் தலையாட்டிவிட்டு வருவீர்கள். அங்கே கேட்க வேண்டிய கேள்வி புள்ளிகளைப் பற்றியது மட்டுமல்ல. சூரிச்சின் தேர்ச்சி அறிக்கையில் வேலை செய்யும் முறை, கற்கும் முறை, பிறருடன் பழகும் முறை ஆகியவையும் மதிப்பிடப்படுகின்றன. கேட்டால் மட்டும் பதில் சொல்லும் அடக்கமான பிள்ளையை நம் வீடுகள் மெச்சும், ஆனால் இங்குள்ள வகுப்பறை அதே பிள்ளையைப் பங்கெடுக்காத பிள்ளை என்று குறிக்கும்.

வீட்டில் எந்த மொழி பேசுவது என்ற கேள்விக்கு என் விடை ஐயமற்றது: தமிழ். பெற்றோர் தமக்குச் சரியாக வராத ஜேர்மன் மொழியில் பிள்ளையுடன் பேசினால் பிள்ளைக்கு இரண்டு மொழியும் அரைகுறையாகிவிடும். ஜேர்மன் மொழிக்குப் பாடசாலையிலேயே துணை வகுப்பு உண்டு. தாய்மொழி வகுப்புகள் தமிழிலும் பல ஊர்களில், வழமையாகப் புதன் பிற்பகலிலோ சனிக்கிழமையிலோ நடைபெறுகின்றன.

அடித்துத் திருத்தும் பழக்கத்தை விமான நிலையத்திலேயே விட்டுவிட வேண்டும். பிள்ளையின் நலனுக்கு ஆபத்து இருப்பதாக அறியும் ஆசிரியர் சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபைக்கு அறிவிக்கக் கடமைப்பட்டவர்; 2019 முதல் பராமரிப்பு நிலையப் பணியாளர்களுக்கும் அக்கடமை உண்டு. அந்த அதிகாரசபை பிள்ளைகளைப் பறித்துச் செல்லும் என்ற அச்சம் நம்மிடையே உலவுகிறது. உண்மையில் பெற்றோரிடமிருந்து பிரிப்பது இறுதி வழியே. அதற்கு முன்னர் ஆலோசனை, குடும்பத்துக்கான துணையாளர் என்று பல படிகள் உள்ளன.

இனி, தொடக்கத்தில் குறிப்பிட்ட முடிவுகளுக்கு வருவோம். ஆறாம் வகுப்பின் இறுதியில் பிள்ளை எந்த மட்டத்து இடைநிலை வகுப்புக்குச் செல்வது என்பது தீர்மானிக்கப்படும். சூரிச்சில், பல்கலைக்கழகப் படிப்புக்கு ஆயத்தப்படுத்தும் ஆறு ஆண்டு உயர்நிலைப் பாடசாலையான நீண்ட ஜிம்னாசியத்துக்கான நுழைவுப் பரீட்சையும் அதே ஆண்டில், மார்ச் மாதத்தில், ஜேர்மன் மொழியிலும் கணிதத்திலும் நடைபெறும். புலமைப்பரிசில் பரீட்சைக்கு ரியூசன் அனுப்பிப் பழகிய நமக்கு இது நன்கு புரியும், புரிவதிலேயே ஆபத்தும் இருக்கிறது. எப்படியாவது ஜிம்னாசியத்தில் நுழைத்துவிட வேண்டும் என்று பிள்ளையைப் பிழிந்து, உள்ளே சென்ற பின் அது தாக்குப் பிடிக்காமல் வெளியேறும் நிலை ஏற்படுகிறது. இடைநிலை இரண்டாம், மூன்றாம் ஆண்டிலிருந்து நான்கு ஆண்டு ஜிம்னாசியத்துக்குச் செல்லும் வாய்ப்பும் உள்ளது.

இளைஞர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் லேர எனப்படும் தொழிற்பயிற்சிக்கே செல்கிறார்கள். சுமார் 250 தொழில்களில், வாரத்தில் சில நாட்கள் நிறுவனத்திலும் மற்ற நாட்கள் தொழிற்பாடசாலையிலுமாக, சம்பளத்துடன், பெரும்பாலும் 3 அல்லது 4 ஆண்டுகள் நடக்கும் இப்பயிற்சியைப் படிக்காதவர்களின் வழி என்று தமிழ்ப் பெற்றோர் இன்றும் ஒதுக்குவது பெரும் பிழை. பயிற்சியுடன் தொழில்சார் மத்தூரா எனப்படும் உயர்கல்வித் தகுதிச் சான்றிதழையும் பெற்றவர் பிரயோக விஞ்ஞானப் பல்கலைக்கழகத்துக்குச் செல்லலாம். மேலதிகப் பரீட்சையொன்றில் சித்தியடைந்தால் ஏனைய பல்கலைக்கழகங்களும் திறந்தே உள்ளன. இதற்கான தேடல் எட்டாம் வகுப்பிலேயே தொடங்கிவிடும்: தொழில் தகவல் நிலையத்தில் ஆலோசனை பெறுவது, ஸ்னுப்பர்லேர என்று சில நாட்கள் ஓரிடத்தில் வேலையைப் பார்த்துப் பழகுவது, விண்ணப்பம் எழுதுவது என்று அது நீளும். நவம்பர் மாதத்தின் இரண்டாம் வியாழக்கிழமையில் வரும் எதிர்கால நாளன்று ஐந்து முதல் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் உறவினர் ஒருவரின் வேலைத்தளத்துக்குச் செல்லலாம். தந்தையின் அடுக்களையைக் காட்டுவதும் நன்றே, வங்கியிலோ மருத்துவமனையிலோ வேலை செய்யும் மாமாவுடன் அனுப்புவதும் நன்றே.

குடும்ப இணைவில் 15 வயதைக் கடந்த பிள்ளையுடன் வருபவர்கள் ஒரு மாதத்தையும் வீணாக்கக் கூடாது. கட்டாயக் கல்வி வயது முடிந்துவிட்டால் பாடசாலை தானாக உங்களைத் தேடி வராது. வதிவிடப் பதிவு செய்யும் அன்றே, மொழி வகுப்பைப் பற்றியும், தாமதமாக வந்த இளையோரை ஓராண்டில் லேரவுக்கு ஆயத்தப்படுத்தும் ஒருங்கிணைப்பு முன்பயிற்சியைப் பற்றியும் கேளுங்கள். 2018இல் அகதிகளுக்காகத் தொடங்கிய அப்பயிற்சியில், 2021 முதல் ஏனைய குடிவரவாளரின் பிள்ளைகளும் சேரலாம். ஊரில் பெற்ற சாதாரண தரச் சான்றிதழின் மொழிபெயர்ப்பையும் கையோடு கொண்டு செல்லுங்கள்.