ஜூலையில் ரீஃபண்ட், தீபாவளிக்குப் பார்சல்

ஸ்பேம், அதாவது கேட்காமலே வரும் மோசடி மெயில், அனுப்புகிறவருக்கு நீங்கள் யாரென்றே தெரியாது. ஒரே மெயில் லட்சக்கணக்கான முகவரிகளுக்குப் போகும்; செலவு அநேகமாக இல்லை, நாலு பேர் சிக்கினாலே லாபம். அதனால்தான் ஊரே நினைத்துக்கொண்டிருப்பதைப் பிடிக்கிறார்கள்: 2020-ல் கொரோனா, ஜூலையில் வருமான வரி ரீஃபண்ட், தீபாவளிக்குப் பார்சல். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பிள்ளைகள் சிங்கப்பூரில் இருக்கிற வீட்டில் ‘சுங்கத்தில் பார்சல் நிற்கிறது’ என்ற மெயில் தற்செயலாகவே பொருந்திவிடும். ஆச்சிமாரிடம் இதை அவசியம் சொல்லிவையுங்கள்.

அனுப்பியவர் பெயரைத் தொட்டு முழு முகவரியைப் பாருங்கள். வரித்துறை என்றால் ‘கவ்.இன்’ (gov.in) கடைசியில் வரும். நடுவில் வந்தால் போலி. முகவரியையே போலியாக்கவும் முடியும், ஆகவே லிங்க்கைத் தொடாமல் தளத்தை நீங்களே திறந்து பாருங்கள். ‘இனி அனுப்ப வேண்டாம்’ என்று சொல்லும் ‘அன்சப்ஸ்கிரைப்’ பட்டனைத் தொட வேண்டாம், உங்கள் முகவரி புழக்கத்தில் இருப்பது தெரிந்து இன்னும் குவியும். ‘ரிப்போர்ட் ஸ்பேம்’ போதும். பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குக் கூப்பிடுங்கள்.